லோர்னா கற்றுக்கொண்ட பயனிலை

லோர்னா ஹட்ஸ்பெத் பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். டென்னசி மலைப்பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை பொறுக்கிப் பிழைத்தாள். கணவன் ட்வைட் வேறொருத்தியோடு நாக்ஸ்வில்லுக்குப் போனபோதுகூட அவள் ஊரைக் கூட்டி அழவில்லை. பதினொரு வயது மகள் டெஸ்ஸா கூட இருந்தாள். அது போதும் என்றிருந்தாள்.

மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் அது புதிதல்ல. ஆனால் ட்வைட் கோர்ட்டுக்குப் போனான். வசந்தகாலத் தேர்வில் பிள்ளை தேறாவிட்டால் அப்பாவிடம் போய்ப் பள்ளியில் சேரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிள்ளையை விட்டுப் போனவனுக்கு அதன் படிப்பின் மேல் வந்த கரிசனத்தைப் பாருங்கள்!

டெஸ்ஸாவுக்குக் கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கில இலக்கணத்தில் பயனிலைதான் உதைத்தது; அங்கே செயப்படுபொருளும் அதற்குள்ளேயே அடக்கம். லோர்னாவுக்கும் அது தெரியாது. வெட்கத்தை விட்டு, நூலகத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே முதலில் படித்தாள்.

"நாய் கோழியைத் துரத்தியது. இதுல வினை மட்டும் எதுடி?"

"துரத்தியது. அது தனிப் பயனிலை."

"முழுப் பயனிலை?"

"கோழியைத் துரத்தியது."

"நாய் துரத்தியது, குரைத்தது. இப்ப?"

"ஒரே நாய், ரெண்டு வேலை. கூட்டுப் பயனிலை. அம்மா, அடுப்புல பிஸ்கட் கருகுது!"

எழுவாய்க்கு ஒரு கோடு, பயனிலைக்கு இரண்டு கோடு. குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் இருவரும் கோடு போட்டார்கள். மார்ச்சில், தேர்வுக்கு முன், அந்த மேசையில் டெஸ்ஸா ஒன்றில்கூடத் தவறவில்லை.

தேர்வு முடிந்த மறுவாரம், தேர்வு நடத்திய மிசஸ் ப்ரூயிட் லோர்னாவைத் தன் அலுவலகத்துக்கு அழைத்து விடைத்தாளை நீட்டினாள். ஆங்கிலப் பகுதியில் ஒரு கோடுகூட இல்லை.

"பயந்துட்டா போலிருக்கு. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை எழுதட்டுமே."

லோர்னா வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்திருந்த மகளிடம் கேட்டாள். "எல்லாம் தெரியுமே கண்ணு, ஏன் எழுதல?"

டெஸ்ஸா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா ஊர் ஸ்கூல்ல சாப்பிடறப்ப பக்கத்துல பசங்க இருப்பாங்கம்மா. உன்கிட்ட சொன்னா அழுவ."

லோர்னா அழவில்லை. பிள்ளைக்கு எல்லாமாகவும் தானே இருப்பதாக இத்தனை நாள் நம்பியிருந்தாள். மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

"வெள்ளிக்கிழமை வேண்டாங்க. அவளுக்கு வராதுன்னே எழுதிக்கோங்க. நான்தான் சரியாச் சொல்லிக்கொடுக்கல."