“சும்மாதான் கிடக்குது” என்றேன்

என்னைப் பொய் சொல்லும் இடத்துக்குத் தள்ளியது நீங்கள்தான். சொன்னது நான். ஷமீமின் பிழைப்பைக் கெடுத்தவளும் நானே!

நீங்கள் என்றால், அந்தத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை விற்கிற கம்பெனிக்காரர்கள்.

சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டைப்பிங் கடை. வக்கீல்களின் மனுக்களை அடித்துக் கொடுக்கிறேன். உங்கள் மென்பொருளில் அடித்தது வேறு எதிலும் திறக்காது. அப்படித்தானே செய்து வைத்திருக்கிறீர்கள்!

ஷமீம் என்னிடம் பல வருடம் வேலை பார்த்தவள். கே.கே. நகரில் அவள் சொந்தக் கடை திறந்தபோது எல்லோரும் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நான் உங்கள் மென்பொருளைக் கொடுத்தேன். “உனக்குன்னே வாங்கினேன்டி” என்றேன்.

வாங்கவில்லை. ஒரு லைசென்ஸை இரண்டு கணினியில் போடலாம். என்னுடையதில் காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் அவள் கணினியைச் சேர்த்துவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குப் பெருமையாக இருந்தது... வெட்கமே இல்லாமல்!

போன மழைக்காலத்தில் என் கணினி அடிக்கடி நின்றுபோனது. மதர்போர்டை மாற்றினேன். அது குற்றமா? அதே மேசை, அதே திரை, உள்ளே அதே கோப்புகள். உங்கள் மென்பொருளுக்கு மட்டும் அது வேறு கணினி! மூன்றாவது கணினிக்கு அனுமதி இல்லையாம்.

போன் செய்தேன். “பழைய போர்டுல ஓப்பன் பண்ணி அந்த இடத்தை ரிலீஸ் பண்ணுங்க மேடம்” என்றார் உங்கள் ஆள். செத்துப்போன போர்டை எப்படித் திறப்பது?

“அப்போ அந்த இடம் போனதுதான். இன்னொரு கம்ப்யூட்டர் காட்டுது, அதை வேணா இங்கேர்ந்தே எடுத்துடலாம். அது யாருது?”

எதிரே ஒரு வக்கீல் நின்று கத்திக்கொண்டிருந்தார். “இன்னாமா, நீ பேசி முடிக்கிற வரைக்கும் ஜட்ஜு டீ குடிச்சிகினு இருப்பாரா?”

“என்னுதுதான் சார்,” என்றேன் போனில். “சும்மாதான் கிடக்குது. எடுத்துடுங்க.”

என் திரை திறந்தது. கொஞ்ச நேரத்தில் ஷமீம் கூப்பிட்டாள்.

“அக்கா, லைசென்ஸ் இல்லன்னு காட்டிகினு கீது. நீ குடுத்தது ஒரிஜினல்தானே?”

“ஒரிஜினல்தான்டி. கம்பெனிக்காரனுங்க ஃப்ராடுப் பசங்க” என்றேன்.

புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். விற்கிறவர்கள் ஆயிற்றே! கொடுத்தால், முதலில் கொடுத்தது என்ன என்று கேட்க மாட்டாளா? அவளும் வாங்க மாட்டேன் என்றாள். “என்னுதைப் புடுங்கிகினு எனக்கே விப்பானுங்களா?”

நீங்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் அவள் எழுதினாள்: “என் கம்ப்யூட்டரை எடுக்கச் சொன்னது யாரு?” லைசென்ஸ் அவள் பெயரில் இல்லை, உரிமையாளர் யார் என்று சொல்ல முடியாது என்று பதில் போட்டீர்கள். உடனே ஒருவன், “ஓசி பார்ட்டிக்கு இங்க இன்னா வேலை?” என்றான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். படித்தேன். ஒரு வார்த்தை எழுதவில்லை... அப்போதும் அவள் என்னைத்தான் நம்பினாள், பொய் சொல்வது கம்பெனி என்று.

பழைய கோப்புகளைத் திறக்க முடியாமல் அவளுடைய வக்கீல்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கடையைக் காலி செய்துவிட்டு வந்து நின்றாள். “உன்கிட்டயே வந்துடட்டுமாக்கா?”

வா என்றேன். வேறு என்ன சொல்வது? இப்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். என் கணினியில், அவளிடமிருந்து நான் பிடுங்கிய இடத்தில்தான் அவளே அடித்துக்கொண்டிருக்கிறாள்.

“உன் மெசினுக்கு மட்டும் எந்த சாமிக்கா காவல்?” என்று நேற்று சிரித்தாள். நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் எழுந்து போய்விடுவாள். போக அவளுக்கு வேறு இடமும் இல்லை, அதற்கும் நானே காரணம். நான் எந்தப் பக்கம் திரும்புவது?

உங்களுக்கு என் பெயர் தெரியும். வாடிக்கையாளர் ரகசியம் என்று என்னைக் காப்பாற்றாதீர்கள். போர்டு மாற்றினால் ஒரு இடம் ஏன் செத்துப்போக வேண்டும் என்று சொல்லுங்கள். அது யாருடைய கணினி என்று என் வாயைத் தவிர வேறு எங்கும் விசாரிக்காமல் ஏன் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். எடுக்கச் சொன்னது யார் என்றும் சொல்லுங்கள். தனியாக எனக்குப் போன் செய்ய வேண்டாம். அதே குழுவில், அவளைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் படிக்கும்படி, என் பெயரைப் போட்டு ஷமீமுக்குப் பதில் எழுதுங்கள்!