விரதத்துக்கு மாற்று டூட்டி

என் மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய். முதலில் ஏற்றிய மருந்து அலர்ஜியாகிவிட, திருச்சி ஆஸ்பத்திரியில் வேறு மருந்துக்கு மாற்றினார்கள். இது முந்தையதைவிடக் கிட்னியை அதிகம் பாதிக்குமாம். ட்ரிப்ஸோடு தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். அன்றைக்கென்று ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள், சொட்டுத் தண்ணீர் தொடமாட்டேன் என்றாள்.

அந்த வார்டு நர்ஸம்மா ஒல்லியானவர், கழுத்தில் சின்னச் சிலுவை. தண்ணீர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, அடிக்கடி குனிந்து பார்ப்பார்.

"முதல் கோடே இறங்கலையேம்மா! கிட்னி கெட்டா அடுத்த டோஸ் போட முடியாதுங்க."

"இன்னிக்கு விரதம்மா."

"நாங்க டூட்டி மாத்திக்கிறதில்லையா? உங்க விரதம் இன்னிக்கு என் டூட்டி. நீங்க குடிங்க."

சிரித்துக்கொண்டே குடித்துவிட்டாள்.

டூட்டி முடியும்வரை அந்தம்மா டீகூடக் குடிக்கவில்லை. யாரை நினைத்துப் பட்டினி கிடந்தாரோ, எனக்குத் தெரியாது. பெருமாள் கணக்கில் அது விரதம்தான்.