பந்து காலில் பட்டதா? கோல சிலாங்கூருக்கு ஒரு கேள்வியோடு போன கதை

இந்த வலைப்பதிவில் இதுவரை எழுதியதெல்லாம் திடல்களைப் பற்றித்தான். எந்த ஊரில் செயற்கைப் புல், எங்கே நிழல் உண்டு, எங்கே கழிப்பறை மோசம் என்று. இந்த முறை நான் போனது ஒரு கேள்வி கேட்க. தைப்பிங்கிலிருந்து இருநூற்று ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஒரே ஒரு கேள்வி. மார்ச் பள்ளி விடுமுறை வந்தது, துணிந்து கிளம்பிவிட்டேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஹாக்கி நடுவராக இருந்தவள். பதினோரு வருடங்களுக்கு முன்னால் பெண்கள் லீக் ஒன்றில் இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டம். ஜெயிப்பவர்கள் முதல் பிரிவுக்குப் போவார்கள். ஒரு பக்கம் தலைநகரத்துக் கிளப், மறுபக்கம் கோல சிலாங்கூர் வட்டாரச் செம்பனைத் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து நடத்திய கிளப். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் நகரத்துப் பெண் அடித்த பந்து கோல் கோட்டை நோக்கி உருண்டது. கோட்டில் நின்ற தடுப்பாட்டக்காரர் அதை நிறுத்தினார். ஸ்டிக்கால் அல்ல, காலால் என்று என் கண்ணுக்குப் பட்டது. ஹாக்கியில் அது தவறு. விசில் ஊதி பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்தேன். அது கோலானது. தோட்டத்துக் கிளப் தோற்றது.

அந்தத் தடுப்பாட்டக்காரர் ஜோசபின். (பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன்.) அப்போது நாட்டுக்காக இரண்டு வருடங்களாக ஆடிக்கொண்டிருந்தவர். பந்து காலில் படவே இல்லை என்றார். கிளப் என்மேல் புகார்க் கடிதம் எழுதியது. அடுத்த மாதம் எனக்கு அனைத்துலக நடுவர் தகுதிக்கான மதிப்பீடு இருந்தது. என் பெயரை எடுத்துவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக என் கண்ணை நானே நம்பாமல் போனேன். பள்ளி ஆட்டங்களில்கூட விசிலை வாய்க்குக் கொண்டுபோய்த் தயங்கினேன். தயங்கும் நடுவரை யாருக்கும் பிடிக்காது, எனக்கே பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் முகநூலில் ஒரு படம் கண்ணில் பட்டது. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பழைய கிளப் பெண்கள் சனிக்கிழமைகளில் மறுபடி ஆடுகிறார்களாம். நடுவில் ஜோசபின். என் பெயரைச் சொல்லி, ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கலாமா என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது: “வாங்க. அஞ்சு மணிக்கு ஆட்டம். பன்னெண்டுக்கு பாசிர் பெனம்பாங்ல சாப்புடலாம்.”

காலை ஆறரை ரயில். ரவாங் வரை நாற்பத்தொரு வெள்ளி (ரிங்கிட்). ஒன்பதே முக்காலுக்கு இறங்கி, நிலையத்துக்கு எதிரே தோசையும் தே தாரிக்கும் பசியாறினேன் (ஆறு வெள்ளி அறுபது காசு, சட்னி நன்றாக இருந்தது). பத்தே முக்காலுக்குக் கைப்பேசியில் கார் பிடித்தேன். பாசிர் பெனம்பாங்குக்கு எழுபத்தெட்டு வெள்ளி, ஒரு மணி பத்து நிமிடம். வண்டி வைத்திருப்பவர்கள் அதிலேயே போய்விடுங்கள். பேருந்தை நம்பினால் பகல் ஆட்டத்துக்குக்கூடச் சாயங்காலம்தான் போய்ச் சேர்வீர்கள்.

ஓட்டுநர் சேகர், நாற்பது வயது இருக்கும். ரவாங் தாமான் குடியிருப்பில் வீடு, பிறந்தது ஏழாங்கட்டைத் தோட்டத்து லய வீட்டில். என் பையில் ஒட்டியிருந்த ஹாக்கிப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டும் வரை தோட்டத்து ஆண்கள் அணியின் கதை. ஊர்ப் பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்றுதான் இருக்கிறது, அவர் ஒருமுறைகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. பிறகு அவராகவே பெண்கள் அணிக்கு வந்தார். அந்த இறுதி ஆட்டத்துக்குத் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் போனார்களாம், அவரும் போயிருக்கிறார்.

“ஒரு பொம்பள அம்பயர் லா. காசு வாங்கிட்டா. இல்லாட்டி அப்படி ஊதுவாளா?” என்றார்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. அந்த ஆட்டம் இங்கே எப்படி நினைவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும்தான். அந்த நடுவர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். குள்ளமாக, கறுப்பாக, திமிர் பிடித்தவள் மாதிரி என்றார். குள்ளம், கறுப்பு சரி.

பாசிர் பெனம்பாங் கோல சிலாங்கூருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. பாலத்தைக் கடந்ததும் மீன் வாடை காருக்குள் வந்துவிடும். கடை வாசலிலேயே ஜோசபின் நின்றுகொண்டிருந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், தோள் மட்டும் அதே அகலம். சேகர் கண்ணாடியை இறக்கி, “ஜோ அக்கா, இப்பதான் அந்த ஃபைனலப் பத்தி இவங்ககிட்டச் சொல்லிக்கிட்டு வந்தேன்” என்றார்.

ஜோசபின் என்னைப் பார்த்தார். “என்னா சொன்ன?” என்று அவரிடம் கேட்டார். அவர் காசு விஷயத்தை மறுபடி சொன்னார். ஜோசபின் என் பையை வாங்கிக்கொண்டார். கார் திரும்பிப் போகும்வரை காத்திருந்தார்.

உட்கார்ந்ததும் மீனும் லாலா சிப்பியும் கீரையும் சொன்னார். பணிப்பெண் போனதும், நான் வாயைத் திறக்கும் முன்பே, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“என் கால்லதான் பட்டுச்சு அக்கா. எடது கால்ல.”

வழியெல்லாம் எத்தனையோ விதமாக அந்தக் கேள்வியை அமைத்துப் பார்த்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. தே ஓ ஐஸ் கிளாஸைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார். விசில் கேட்டதும் பத்துப் பேர் சூழ்ந்து பட்டதா பட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். பஸ் பிடித்து வந்த சனம் முழுக்கக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாட்டுச் சட்டை போட்டவள், கோட்டில் நின்று காலில் வாங்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு கடிதம், கூட்டம், பேச்சு. திரும்பிப் போக வழி தெரியவில்லை. மறு வருடம் கிளப்பும் கலைந்துபோனது.

“அதுக்கப்புறம் ஏன் உங்கள எந்த ஆட்டத்துலயும் பாக்க முடியல?” என்று கேட்டார்.

மதிப்பீட்டிலிருந்து பெயர் எடுத்ததைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. மீன் வந்து ஆறிப்போனது. இருவருக்கும் அறுபத்தெட்டு வெள்ளி. ருசி எப்படி என்று கேட்காதீர்கள், நினைவில்லை.

ஐந்து மணி வரை நேரம் இருந்தது, அவர் காரில் மெலாவத்தி குன்றுக்குப் போனோம். மேலே பழைய பீரங்கிகள், கலங்கரை விளக்கம், சாம்பல் நிறக் குரங்குகள். குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும். ஜோசபின் இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வேலையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். கீழே இறங்கும்போது, இன்று எல்லாரிடமும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

“சேகர் சொன்னதக் கேட்டீங்கல்ல?” என்றார். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை.

ஏழாங்கட்டை, புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் சாலை, லோரிகள் போய்ப் போய்க் குழி விழுந்தது. லய வீடுகளில் பாதி காலி, மீதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். திடல் மட்டும் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது. சனிக்கிழமைக்காக இவர்களே வெட்டுகிறார்களாம். பதினாறு பெண்கள் வந்திருந்தார்கள், பாதிப் பேர் பழைய கிளப். ரவாங், பூச்சோங் என்று எங்கெங்கிருந்தோ காரோட்டி வருகிறார்கள்.

பழைய கேப்டன் பரிமளாவும் வந்திருந்தார். ஒரு பள்ளி அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. என்மேல் வந்த புகார்க் கடிதத்தை எழுதியவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார், தலையை மட்டும் அசைத்தார்.

எல்லாரும் காலணி மாட்டிக்கொண்டிருக்கும்போது ஜோசபின் நின்றபடியே சொன்னார். ஃபைனலில் பந்து தன் காலில்தான் பட்டது, தான் பொய் சொன்னது, அதனால் இவருக்கு வேலை போனது. (வேலை இல்லை, தகுதி மதிப்பீடு. திருத்தும் நேரம் அது இல்லை.) மூன்று வாக்கியம்தான். ஒருத்தர் காலணிக் கயிற்றைக் கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

பரிமளாதான் முதலில் எழுந்தார். அவரும் ஜோசபினும் எப்போதும் ஒரே அணியாம். மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுச் சிவப்பை எடுத்துக்கொண்டார். “நேரமாச்சு, ஆரம்பிக்கலாம். யாரு ஊதறது?” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அணிக்கு ஏழு பேர், பதினைந்து நிமிடமாக இரண்டு பாதி. முதல் விசில் எனக்கே கேட்காத மாதிரி ஊதினேன். புல்லில் பந்து எப்படித் துள்ளும் என்பதே மறந்துபோயிருந்தது. பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது, ஆனால் கண் வேலை செய்தது. பரிமளா அன்று ஆடிய ஆட்டத்தில் கோபம் இருந்தது. ஜோசபினிடமிருந்து மூன்று முறை பந்தைப் பறித்தார், ஒருமுறை முரட்டுத்தனமாக. எச்சரிக்கும் பச்சை அட்டை கையில் இருந்திருந்தால் காட்டியிருப்பேன். சிவப்பு அணி மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. யாரும் கொண்டாடவில்லை.

முடிந்ததும் ஜோசபின் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். பரிமளா போகவில்லை. என்னிடம் வந்து, ரவாங்கில்தான் தங்குகிறீர்களா, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

ஐம்பது கிலோமீட்டர். முதல் நாற்பதுக்கு ஒரு வார்த்தை இல்லை. புகார்க் கடிதம் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறார், எப்படித் தொடங்குவது என்று தவிக்கிறார் என்று நினைத்தேன். ஜோசபின் மேல் கோபப்படாதீர்கள் என்று நானே ஆரம்பித்தேன்.

“அவமேல எனக்கு என்னா கோபம்?” என்றார். “நான் அஞ்சடி தள்ளித்தான் நின்னேன். கால்ல பட்டத நானும் பாத்தேன்.”

அப்படியானால் கடிதத்தை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

“அவ படலன்னு சொல்லிட்டா. நான் கேப்டன், அவள விட்டுக் குடுக்க முடியுமா? பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒண்ணா ஆடுறோம். உங்கள எங்களுக்குத் தெரியாதுல்ல.”

பிறகு அவரே, இன்று அவள் எல்லார் முன்னாலும் தனியாக நின்று சொன்னபோது தான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் தாங்கவில்லை என்றார். என்மேல் கோபமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருக்கத்தான் வேண்டும் என்றார். ஓட்டல் வாசலில் இறங்கி, என் பையைத் தூக்கிக்கொண்டு படி வரை வந்துவிட்டுப் போனார். அறை தொண்ணூற்றைந்து வெள்ளி, சுத்தமாக இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

இனி போக விரும்புகிறவர்களுக்கு. சனிக்கிழமை ஐந்து மணிக்கு மழை இல்லையென்றால் ஆட்டம் உண்டு. நவம்பர், டிசம்பரில் போகாதீர்கள், மண் சாலை சேறாகிவிடும். திடலில் கழிப்பறை இல்லை, புக்கிட் ரோத்தான் கடைகளிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து அவசியம். ஆடத் தெரிந்தால் ஸ்டிக்கோடு போகலாம், பெண்களை மறுக்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். இன்னொரு நாள் இருந்தால் வடக்கே தஞ்சோங் காராங் தாண்டி சுங்கை புரோங் வயல்களைப் பார்க்கலாம். நடவு முடிந்து சில வாரங்களில் போனால்தான் பச்சை.

இதை எழுதி இருவருக்கும் அனுப்பி, இருவரும் சரி என்ற பிறகுதான் போடுகிறேன். பரிமளா இரண்டு சனிக்கிழமை திடலுக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து ஜோசபினிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஜோசபின் எனக்குப் போன் செய்தார். கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

“சிரிப்புதான் வந்துச்சு அக்கா. பதினோரு வருஷமா அவள ஏமாத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. ஆனால் அன்று நான் பார்த்தது சரி. போன வாரம் தைப்பிங்கில் ஒரு பள்ளி ஆட்டத்துக்கு நடுவர் கிடைக்கவில்லை என்று கேட்டார்கள். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.