பச்சைக் கிளிப்பு யாரிடம்?

போன வாரம் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. கொண்டுவந்த பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த தெர்மாகோலை மூலையில் போட்டுவிட்டுப் போனார்கள். மெஷின் எப்படி ஓடுகிறது என்றுகூடப் பார்க்காமல் நான் அந்தத் தெர்மாகோலை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பொரிபொரியாக உதிர்கிற ரகம். இறக்கைக்கு ஆகாது.

ஐம்பதை நெருங்குகிற பெண்பிள்ளைக்கு இது என்ன புத்தி என்று நீங்கள் நினைக்கலாம். கல்யாணமான புதிதில் வந்த புத்தி. அப்போது நானும் வீட்டுக்காரரும் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் எலெக்ட்ரீஷியன், நான் பேக்கிங். பத்தாவதோடு நின்றவள். லைனில் பக்கத்தில் நிற்பவளிடம் டேப் கேட்கவே கூச்சப்பட்டு, அவள் வைக்கும்வரை காத்திருப்பேன். உடைந்த தெர்மாகோலை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்குவதும் அவர்தான், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவது மட்டும் நான்.

ரிமோட் விமானம் செய்வது அவருடைய பைத்தியம். மூங்கிலை வில் மாதிரி வளைத்து, ஹீட்டர் கம்பியை நாணாகக் கட்டி, பழைய பேட்டரியில் சூடேற்றித் தெர்மாகோலை அறுப்பார். கத்தி வெண்ணெயில் போவது மாதிரி போகும். ஆனால் அந்த நெடி தலைமுடியில் ஏறினால் சீயக்காய் போட்டாலும் போகாது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்: "இன்னாடி, தெனம் பிளாஸ்டிக்கத்தான் கொழம்பு வெக்கிறியா?"

அறுத்த இறக்கைக்கு அடியில் தென்னை ஈர்க்கை வைத்து டேப் ஒட்டுவது என் வேலையாயிற்று. மூக்கு இலேசாக இருந்தால் தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக் குண்டைச் செருகுவோம். இரண்டு விரல் நுனியில் வைத்தால் முன்னும் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும். அவர் கழித்துப்போட்ட துண்டுகளை வைத்து நானும் சின்னதாக ஒன்று செய்தேன். விற்காத வடகம் மாதிரி கோணலாக இருந்தது. ஆனால் விரலில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஒதியம்பட்டுப் பக்கம் அறுப்பு முடிந்த வயலுக்குப் போவோம். வில்லியனூர் கடைத்தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்த ஜாபர் பாயும் வருவார். இவரும் பாயும் ஒரே நாள் ஒரே ஆளிடம் பழைய ரிமோட் வாங்கியவர்கள். இரண்டும் ஒரே அலைவரிசை. ஒருவர் விமானம் மேலே இருக்கும்போது இன்னொருவர் சுவிட்சைப் போட்டால் அது யார் பேச்சையும் கேட்காது, விழுந்துவிடும். அதனால் என் துணிக்கொடியிலிருந்து ஒரு பச்சைக் கிளிப்பை எடுத்துச் சட்டம் போட்டோம். கிளிப்பு யார் சட்டையில் இருக்கிறதோ அவர்தான் சுவிட்சைப் போடலாம். இருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம், போடலாம். இல்லாதவர் நடந்துபோய்க் கேட்டு வாங்க வேண்டும்.

நான் அதுவரை விமானத்தைத் தூக்கி எறிந்து விடுபவள் மட்டும்தான். என் கோணல் விமானம் தயாரானதும் அவர் சொன்னார்: "ஒழுங்கா எறக்கிட்டன்னா இனிமே வாராவாரம் ஒனக்கும் ஒரு டர்ன். ஒடச்சிட்டா பழயபடி எறியிற வேலதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் ராத்திரி அதை இன்னும் இரண்டு தடவை விரலில் நிறுத்திப் பார்த்தேன்.

அன்றைக்குக் கிளிப்பை என் முந்தானையில் மாட்டிவிட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தார். அவர் எறிய, அது ஏறிவிட்டது. எதிரே வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும். கண்ணாடியைப் பார்த்து வகிடு எடுக்கிற கை எனக்கு அதில் கைகொடுத்தது. ஒரு சுற்று நன்றாகவே போனது. வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "வூட்டம்மா கையில குடுத்துட்டியா? மாட்டு மேல வுழாம பாத்துக்கபா" என்றார்.

அடுத்த திருப்பத்தில் அது உதறியது. நான் இடது என்றால் அது குப்புறக் கவிழப் பார்த்தது. "இன்னா பண்ற? கைய எடு, கைய எடு!" என்று இவர் கத்த, பெரியவர், "நான் சொல்லல?" என்று சிரிக்க, எனக்கே என் கைதான் தப்புச் செய்கிறது என்று தோன்றிவிட்டது. அப்போதுதான் தூரத்து வரப்பில் வெயிலில் ஒரு கோடு மின்னியது. நேரம் கழித்து வந்த பாய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ரிமோட்டின் ஏரியலை முழுதாக இழுத்துவிட்டிருந்தார்.

"பாய்! சுவிட்ச அணைங்க!"

அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். மாடுகூட நிமிர்ந்து பார்த்தது.

பாய் திரும்பிக் காலரைத் தொட்டுக் காட்டினார். "கிளிப்பு எங்கிட்டதான இருக்குது தங்கச்சி!"

"எங்கிட்டயும் இருக்குது! அணைங்க மொதல்ல!"

அணைத்தார். விமானம் அறுத்த நெல்தாள்களுக்கு மேலே முழங்கால் உயரத்தில் என் பேச்சைக் கேட்டது. மூக்கைத் தூக்கினேன். சரசரவென்று தேய்த்துக்கொண்டு போய் வயிற்றில் உட்கார்ந்தது. இவர் ஓடிப்போய்த் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பாராட்டுகிற ஆளில்லை. "டேப்புதான் கிழிஞ்சிருக்குது. ரெக்க நல்லாருக்குது" என்றார். அதற்குள் பாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"வூட்ல அவளுக்குக் காய்ச்சல் தங்கச்சி. காலைல நான்தான் துணி காயப்போட்டன். ஒண்ண காலர்ல மாட்டிக்கினு அப்டியே வந்துட்டன்."

இரண்டு வீட்டுக்கும் ஒரே தள்ளுவண்டியில் வாங்கிய கிளிப்புகள். எல்லாம் பச்சை. மாடு மேய்த்த பெரியவர், "இன்னாபா, இன்னொரு வாட்டி வுட மாட்டீங்களா?" என்றார். அடுத்த வாரம் முதல் டர்ன் எனக்கு. அதிலிருந்து பாய் வந்ததும் காலரைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவார்.

அந்த வயலில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். நாங்கள் பண்டசோழநல்லூர் பக்கம் போகிறோம். ரிமோட்டும் மாறிவிட்டது. புது ரிமோட் தன் விமானத்தோடு மட்டும் பேசும். பத்துப் பேர் சேர்ந்து சுவிட்ச் போட்டாலும் ஒன்றும் ஆகாது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பாய்க்கு ஒன்று. போனதும் மூவரும் ஒரே நேரத்தில் விட்டுவிடுவோம்.

முன்பெல்லாம் மேலே ஒன்றுதான் பறக்கும். யாருடையதாக இருந்தாலும் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். சாய்ந்தால் மூன்று பேரும் கத்துவோம். போன ஞாயிறு நான் காற்றுக்கு எதிரே கொண்டுவந்து, பஞ்சு வைத்த மாதிரி இறக்கினேன். அவ்வளவு நன்றாக நான் இறக்கியதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், ஆளுக்கொரு திசையில் அண்ணாந்து நின்றார்கள்.