சொல்லாமல் இறங்கிய குழி

லிஃப்ட் மெக்கானிக்குகள் மத்தியில் அவனுக்கு 'செக்கிங்' என்று பெயர். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பான். நாலடி நடந்துபோய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பான். "உன் பொண்டாட்டி தூங்கும்போது மூச்சு வருதான்னும் செக் பண்ணுவியாடா?" என்று ஒருவன் கிண்டலடித்தான். அதையும் அவன் செய்திருக்கிறான்.

பயந்த சுபாவம். ஆனால் அந்தத் தொழிலில் இத்தனை வருஷம் கை கால் முழுசாக இருந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றும். தைரியசாலிகள் சிலரை அந்தக் கம்பெனி மாலை போட்டு அனுப்பியிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குக் கோட்டை விட்டான். வண்டியைக் கிளப்பிய பிறகு கேஸை மூடினோமா என்று சந்தேகம். உள்ளே ஓடினான். குமிழை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்ப்பதற்காக, கையிலிருந்த போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். கேஸ் நன்றாகத்தான் மூடியிருந்தது. நிம்மதியாகக் கிளம்பிப் போய்விட்டான்.

கட்டடத்து வாசலுக்கு வந்த பிறகுதான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பை தட்டையாக இருந்தது.

முன்பெல்லாம் வேலைக்கு இரண்டு பேராகப் போவார்கள். மேலே மோட்டார் அறையில் இவனுடைய ஜோடி நெட்டையன் நிற்பான், கீழே இவன் இறங்குவான். கம்பெனி கணக்குப் போட்டுப் பார்த்து ஜோடியைப் பிரித்துவிட்டது. ஆளுக்கு ஒரு கட்டடம், ஆளுக்கு ஒரு போன். இறங்கும் முன் ஆபீசுக்குப் போன் போட்டு "உள்ளே போறேன்" என்று சொல்ல வேண்டும். ஏறியதும் "வெளியே வந்துட்டேன்". இந்த இரண்டு போனுக்கும் நடுவில் முதலாளியே வந்து கேட்டாலும், அந்தக் கட்டடத்துக்கு வேறு ஆளை அனுப்பமாட்டாள் ஆபீசில் போன் எடுக்கும் பெண். மேலே நின்ற ஆள் போய், அந்தப் போன்தான் ஆளாகிவிட்டது.

யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம். ஆனால் நம்பர்? 'ஆபீஸ்' என்ற பெயரைத் தட்டியே பழகியவனுக்கு ஒரு எண்ணும் வாயில் வரவில்லை. மனைவியின் நம்பரும் அதே லட்சணம்தான். வீட்டுக்குத் திரும்பினால் பாதி நாள் போச்சு. சின்ன வேலைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே மனசு அடித்துக்கொண்டது.

லிஃப்ட் ஓடும் கிணற்றின் அடியில் ஒரு குழி இருக்கும். உள்ளே வேலை செய்கிறவனுக்காக அதன் சுவரில் ஒரு சிவப்பு சுவிட்ச். அதை அழுத்தினால் யார் பொத்தானைத் தட்டினாலும் லிஃப்ட் அசையாது. இங்கே அது கெட்டுப்போயிருந்தது, மாற்ற வேண்டும். மாடியில் லிஃப்டை நிறுத்தி, மெயினை அணைத்தான். கீழே வந்து 'வேலை நடக்கிறது' போர்டை மாட்டினான். குழியில் இறங்கி, பிள்ளைகள் எட்டிப் பார்த்து விழுந்துவிடக் கூடாதே என்று கதவை இழுத்து மூடிக்கொண்டான். பழைய சுவிட்சைக் கழற்றியதும், எந்த ஒயர் எது என்று குழம்பாமலிருக்க இரண்டையும் முறுக்கிச் சேர்த்து வைத்தான். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஆனால் ஒயர்கள் சேர்ந்திருக்கும்வரை, குழியிலிருந்து லிஃப்டை நிறுத்த எதுவும் இல்லை.

பழைய கட்டடம், ஆழமில்லாத குழி. கணுக்கால் அளவுக்குக் கறுத்த தண்ணீர். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் போய் வந்தது. இப்போது தான் இருக்கும் இடம் இந்த உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்தது.

வெளியே நடந்தது அவனுக்குப் பிறகுதான் தெரியும். லிஃப்ட் ஓடவில்லை, ஆளையும் காணோம் என்று குடியிருப்புச் செயலாளர் ஆபீசுக்குப் புகார் செய்தார். ஆபீஸ் பெண் இவன் போனுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது மனைவி. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றாள். 'உள்ளே போறேன்' என்று இவன் சொல்லவில்லை, ஆகவே உள்ளே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த நெட்டையனைப் போகச் சொன்னாள். அவன் போர்டைப் பார்த்து, சாமான் வாங்கப் போயிருப்பான் என்று நினைத்து, படியேறி நேரே மேலே போய்விட்டான்.

மேலே 'டக்' என்றது. கயிறுகள் நடுங்கின.

அது மெயினைப் போட்ட சத்தம் என்று அவனுக்குத் தெரியாதா? "டேய், நிறுத்து!" என்று கத்தினான். மோட்டார் இரைச்சலில் அவனுக்கே அது கேட்கவில்லை. டார்ச் நழுவித் தண்ணீரில் விழுந்து அணைந்தது. பிரித்துவிட்டால் லிஃப்ட் நின்றுவிடும், ஆனால் முறுக்கிய ஒயர்கள் எதிர்ச்சுவரில் இருந்தன. அந்தச் சுவர் எந்தப் பக்கம் என்றே இருட்டில் புரியவில்லை. தலைக்கு மேல் காற்று அழுந்திக்கொண்டு வந்தது. மல்லாந்து விழுந்தான். காதுக்குள் தண்ணீர் புகுந்தது.

லிஃப்ட் நின்றபோது அவன் மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

மேலே கதவு திறந்தது. லிஃப்டிலேயே ஏறிக் கீழே வந்திருந்த நெட்டையன் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தான். "வேலையைப் பாதியில போட்டுட்டுப் போயிட்டான். லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. இதோ, மறுபடியும் மேலே ஏத்திப் பார்க்கிறேன்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லிஃப்ட் மேலே போனால் அதன் மறுமுனையில் தொங்கும் எடைக்கட்டை கீழே இறங்கும். அது இறங்கும் இடத்தில்தான் அவன் கால்கள் இரண்டும் நீட்டியிருந்தன. தடுப்புக் கம்பி எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. மடக்க இடமில்லை. கூப்பிட வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. கையில் ஸ்பேனர் தட்டுப்பட்டது. மேலே இருந்த இரும்பை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

"யாரு?" என்றான் நெட்டையன், தன் காலடியைப் பார்த்து. அப்புறம், "ஐயோ! ஐயோ, நீ உள்ளேயாடா இருக்கே!"

மெயினை அணைத்து, லிஃப்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அவனை வெளியே இழுத்தபோது, அவனைவிட நெட்டையன்தான் அதிகமாக நடுங்கினான். "நான் உன்னைக் கொன்னுருப்பேனேடா," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு தன் போனில் அவன் போனுக்கே அடித்து, அவன் கையில் திணித்தான். "தங்கச்சிகிட்ட நீயே பேசு. ஆபீஸ்ல தேடினதுல பயந்துபோயிருக்கும்."

"நான்தான்," என்றான். சேற்றுத் தண்ணீர் குடித்த குரல், கரகரவென்று வந்தது.

"தெரியுதுண்ணா, உங்க பேர் வருதே. சொல்லுங்க," என்றாள் மனைவி. "அவர் போனை இங்கேயே வச்சுட்டுப் போயிட்டாருண்ணா. ஆபீஸ்ல கேட்டதுல இருந்து எனக்குக் கை கால் ஓடலை. அவரைப் பார்த்தீங்களா? அவருக்கு ஒண்ணும் இல்லல்ல?"

இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. அழுதால் இன்னும் பயந்துவிடுவாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றான். "வந்துடுவான்."