நாலு கட்டையில் ஒரு தாலாட்டு

பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் விழத் தொடங்கும்போது கேட்கிற ‘டொபடொப’ சத்தம் இன்றும் என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போகும். தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு ‘நல்ல தண்ணி’ வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிர்ஷ்டம். அந்த ஒருமணி நேரம்தான், கொல்லைக் குழாயடியில் குந்தி, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் குரலை ஒளித்து, நான் நீலாம்பரி ராகத்தில் ஒரு தாலாட்டைப் பாடிப் பழகினேன்.

ஒளிக்க வேண்டியிருந்தது. குழந்தை இயேசுவை மாதா தூங்க வைக்கிற அந்தப் பாட்டுக்கு எங்கள் கோவிலில் அம்மாதான் சொந்தக்காரி. சங்கீதம் முறையாகப் படித்தவள். பிறந்த நாற்பதாம் நாள் தம்பி இறந்துபோன பிறகு அவள் பாடவில்லை, கோவிலுக்கும் வரவில்லை. “ஏத்தா, உங்கம்மா காதுல தாலாட்டு விழுந்துறக் கூடாது, அம்புட்டுத்தான் சொல்லுவேன்” என்று அத்தை எச்சரித்திருந்தாள். ஆர்மோனியம் வாசிக்கிற வாத்தியாரோ மாதா திருநாளுக்கு அம்மாவின் இடத்தில் என்னை நிறுத்திவிட்டார். பத்து வயதில் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஒத்திகைக்குப் போனால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று, “வீட்லயே பழகிக்கிறேன் சார்” என்று மட்டும் சொல்லித் தப்பித்தேன்.

திருநாள் மாலை மைக் முன்னால் நின்ற பிறகுதான் பார்த்தேன், பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் அம்மா. பக்கத்தில் அத்தை, முகம் வெளுத்து. வாத்தியார் பழக்கதோஷத்தில் அம்மாவின் சுருதியான ஆறு கட்டையிலேயே எடுத்தார். குசுகுசுவென்று பாடியே பழகிய நான் அந்த உயரத்தை ஒருநாளும் தொட்டதில்லை என்பது சரணத்தில் மேலே ஏறும்போதுதான் உறைத்தது. குரல் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. அம்மா எழுந்தாள். வெளியே போய்விடுவாள், இனி என்னோடு பேசவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் நேரே ஆர்மோனியத்திடம் போனாள்.

“அண்ணே, ஆறு இவளுக்கு எட்டாது. நாலுல எடுங்க. வீட்ல அதுலதான் பாடுறா.”

பாட்டு முடியும்வரை அவள் உட்காரவில்லை.

இப்போது அந்தக் கோவிலில் கீபோர்டு. பொத்தானைத் தட்டினால் சுருதி தானே இறங்கிக்கொள்ளும். குழாயடி இருந்த இடத்தில் ஸ்கூட்டர் நிற்கிறது. அம்மா போய் மூன்று வருடமாகிறது. குழாயடியைப் பார்த்திருந்த சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் எத்தனை வாரம் அவள் நின்று கேட்டாள் என்று விசாரிக்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.