நாய்க்கும் சேர்த்து ஒரு வீடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த கையோடு நடந்தது இது. சுங்கை சோ பக்கம் ஒரு பழைய தாமான் குடியிருப்பில் வீடு பார்க்க நானும் கணவரும் அம்மாவும் போயிருந்தோம்.

அம்மா இருந்தது கெர்லிங் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், காலி செய்யச் சொல்லியாயிற்று. அங்கே தனியாகத்தான் இருந்தார்; தனியாக என்றால், நாயோடு. அப்பா தவறிய பிறகு அந்தக் கறுப்பு நாய்தான் அவருக்குப் பேச்சுத் துணை. எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டால், நாயை எங்கே விடுவாய் என்பார். நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். அதை விட்டுவிட்டு அவரும் வரமாட்டார். பிடிவாதத்தில் அம்மாவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. சரி, ஒரு தரைவீடு வாங்கியே தீர்வது என்று இறங்கினோம்.

பக்கத்து ராவாங் டவுனுக்குள் நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்களில் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. எங்கள் லோனுக்குள் அடங்கியது இந்த வீடு ஒன்றுதான். வரிசையில் கடைசி வீடு, பக்கவாட்டில் கொஞ்சம் காலி இடம், நடக்கிற தூரத்தில் கோயில். எல்லாம் பிடித்துப்போய் வெளியே வந்தால், பக்கத்து வீட்டில் ஒரு மலாய் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இடுப்பளவுச் சுவர்தான்.

எனக்கு உடனே அம்மாவின் நாய் நினைவுக்கு வந்தது. நாயின் எச்சில் பட்டுவிட்டால் அவர்கள் மார்க்கப்படி முறையாகக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. நாயால் முகம் முறிந்த அக்கம்பக்கத்தையும் பார்த்திருக்கிறோம். இப்போது வாயைத் திறக்காதே, குடிவந்த பிறகு மெல்லப் பேசிக்கொள்ளலாம் என்று கணவர் என் காதில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அம்மாவிடம் யார் சொன்னது? அவர் பாட்டுக்குச் சுவரோரம் போய், தன் தோட்டத்து மலாயில் ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா, எங்கிட்ட நாய் ஒண்ணு இருக்கு. நல்லதுதான், ஆனா நாய் நாய்தானே. உங்களுக்குக் கஷ்டம்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்.”

அந்த அம்மா துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

“போச்சு லா,” என்றார் கணவர். ஏஜண்ட் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நின்றார். அம்மா மட்டும் நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கைலி கட்டிய தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்தார் அந்த அம்மா. இருவரும் சுவரையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தொழுகிற அறை இந்தப் பக்கம் இருக்கிறது, நாயை அந்தப் பக்கம் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் அந்த அம்மாவின் கணவர். சுவருக்கு மேல் அடிக்கத் தகரமும் தன்னிடம் மிச்சம் இருக்கிறதாம். அந்த அம்மாவின் கவலையோ வேறாக இருந்தது.

“இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல்ல நீங்க தனியா இருப்பீங்களா? அப்ப நாய் இருக்கட்டும். அது குலைச்சா நான் வந்து எட்டிப் பாக்குறேன்.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டையே வாங்கினோம்.

போன வருடம் அம்மாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஓடிய ஓட்டத்தில் நாயை மறந்தே போனோம். மறுநாள் காலையில்தான், ஐயோ, அது பட்டினி கிடக்குமே என்று பதறி வீட்டுக்கு வந்தேன். எங்கள் கேட்டுக்கு வெளியே அந்த அம்மா நின்றிருந்தார். பாவாடையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த நீளமான விளக்குமாற்றுக் கட்டையால் ஒரு சோற்றுத் தட்டைக் கேட்டுக்கு அடியில் நாயின் பக்கம் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். அது வாலாட்டினாலே அவர் ஓரடி பின்னால் போனார். பிறகு மறுபடியும் தள்ளினார். என்னைப் பார்த்ததும் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, அம்மா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார்.

அம்மா இப்போது நலம். எந்த ஏரியாவில் கட்டுப்படியான வீடு கிடைக்கும் என்று யாராவது கேட்டால், விலையைப் பார்த்த பிறகு பக்கத்து வீட்டாரிடம் போய் உங்கள் சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்கிறேன். பயந்துகொண்டே எங்கள் நாய்க்குச் சோறு போட்ட அந்தக் கை எங்களுக்கு அப்படிக் கிடைத்ததுதான்.